நாலு கட்டம்

மொழிப்பெயர்க் காட்சி வாரியத்தில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால், அங்கே வேலை பார்ப்பவர்களே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், வங்கி என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு தொடுதிரை நிற்கிறதல்லவா, அது முதலில் உங்களுக்கு எந்த மொழி வேண்டும் என்று கேட்டு வரிசையாகப் பெயர்களைக் காட்டும். ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் வாரியத்தின் பொறுப்பு. பெயர் மட்டும்தான். அதைத் தொட்ட பிறகு என்ன ஆகிறது என்பது வேறொரு வாரியத்தின் தலைவலி. இதற்காக ஒரு பெரிய கட்டடம் இருந்தது. அதில் தலைவருக்கென்று தனி லிஃப்ட் இருந்தது.

நம் ஆள் அங்கே சோதனையாளன். டிக் போடுவதே அவன் தொழில் என்பதால் எல்லோரும் டிக்கு என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கு முன்னால் கணினியில் இரண்டு படங்கள் வரும். இடது பக்கம் மாதிரிப் படம். வலது பக்கம் திரையில் இன்று தெரிவது. இரண்டும் ஒன்றாக இருந்தால் டிக். வித்தியாசம் இருந்தால் குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான். இந்த வேலைக்கு ஒரே ஒரு தகுதிதான் கேட்டார்கள். எந்த மொழியின் பெயரைச் சோதிக்கிறானோ அந்த மொழி அவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

சிரிக்க வேண்டாம், இதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களை உட்கார வைத்துத் தலைவரே விளக்குவார். "ஒரு மொழி தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்? படிப்பான். படிச்சா பாசம் வரும். பாசம் வந்தா தப்பு கண்ணுக்குத் தெரியாது. நமக்குப் படிக்கிறவன் வேண்டாம், பார்க்கிறவன்தான் வேணும். நான் இந்தப் பதவிக்கு வந்து இத்தனை வருஷத்துல ஒரு மொழியோட பேரைக்கூட படிச்சதில்லை. அதனாலதான் என் மேல ஒரு புகாரும் கிடையாது." கேட்டவர்கள் கை தட்டுவார்கள். டிக்குவும் தட்டியிருக்கிறான், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே.

பலமாகத் தட்டியதற்குக் காரணம் பயம். நேர்முகத் தேர்வில் அலுவல் மொழியைத் தவிர வேறு மொழி தெரியுமா என்று கேட்டார்கள். அவனுக்கு முன்னால் போனவர் ஆர்வக்கோளாறில் மூன்று மொழி தெரியும் என்று சொல்லிவிட்டு, போன வேகத்தில் வெளியே வந்ததை அவன் பார்த்திருந்தான். அதனால், "இந்த மொழியே எனக்கு அரைகுறைதான் சார்" என்றான். அப்போதே வேலை கிடைத்துவிட்டது. அவனுக்கு வீட்டு மொழி ஒன்று இருந்தது. சொற்பப் பேர் பேசுகிற மொழி. அம்மாவுக்கு அது ஒன்றுதான் தெரியும். அவனுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

வாரியமே குடியிருப்பும் கொடுத்தது. அங்கேதான் சங்கடம். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிவு மேடம் குடியிருந்தார். அவர்தான் டிக்குவின் நேரடி அதிகாரி. அம்மா வாயைத் திறந்தால் விஷயம் அம்பலமாகிவிடும். ஆகவே டிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் அவளோடு பேசுவான். மாடிப்படியில் பேசக்கூடாது, லிஃப்ட்டில் பேசக்கூடாது என்று அவளைப் பழக்கியிருந்தான். அவளும் பழகிக்கொண்டாள். பிரிவு மேடம் ஒருநாள் அவனை நிறுத்தி, பாவம், உங்கம்மாவுக்குப் பிறவியிலேயே பேச்சு வராதா என்று விசாரித்தார். டிக்கு தலையைக் குனிந்துகொண்டான். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி அம்மா பரிமாறியபோது அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விதி எப்படி விளையாடியது என்றால், வீட்டு மொழியின் பெயரைச் சோதிக்கும் வேலையும் அவன் தலையிலேயே விழுந்தது. அந்த மொழி தெரியாதவர் யார் என்று பிரிவு மேடம் கேட்டபோது எல்லோரும் கை தூக்கினார்கள். அவன் மட்டும் தூக்காமல் இருக்க முடியுமா? சரி, நம் மொழியின் பெயரையாவது திரையில் பார்க்கலாமே என்ற ஆசையோடு கணினியைத் திறந்தான். இடது பக்கம் நாலு காலிக் கட்டங்கள். வலது பக்கமும் நாலு காலிக் கட்டங்கள்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு மொழியின் எழுத்துருவைக் கணினியில் ஏற்றாவிட்டால், எழுத்து வரவேண்டிய இடத்தில் அது வெறும் கட்டத்தைப் போட்டுவிடும். மாதிரிப் படத்தை எடுத்ததும் அதே கணினியில்தான் என்பதால் மாதிரியிலும் கட்டம்தான். இரண்டும் ஒன்றாக இருந்தன. டிக்கு டிக் போட்டான். எழுந்து போய், மேடம், இது எழுத்தே இல்லை என்று சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். மறுநாளும் டிக் போட்டான். பிறகு அது பழகிவிட்டது.

கட்டங்களுக்கு வாரியத்தில் நல்ல மரியாதை. அவை ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். மூன்றாவது கட்டம் ஒரு மயிரிழை பெரிது என்று ஒருவரும், அது பார்ப்பவரின் கண்ணாடியைப் பொறுத்தது என்று இன்னொருவரும் மத்தியானம்வரை மோதிக்கொண்டார்கள். ஆண்டு விழாவில் தலைவர் அந்த எழுத்தைப் பற்றியே உருகிப் பேசினார். எவ்வளவு எளிமையான எழுத்து, வளைவு கிடையாது, சுழி கிடையாது, ஒரு குழந்தை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும், இப்படி ஓர் எழுத்தைக் கண்டுபிடித்த மக்கள் நிச்சயமாக நல்ல கொத்தனார்களாக இருந்திருப்பார்கள் என்றார். அதோடு விட்டாரா? வாசல் சுவரில் மொழிப் பெயர்களைப் பித்தளையில் வார்த்துப் பதித்தபோது, அந்த நாலு கட்டங்களையும் பளபளவென்று வார்த்து வைத்தார்கள். டிக்கு தினமும் அதன் வழியாகத்தான் உள்ளே போனான். சுவரைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே போவான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அம்மாவுக்கு வயிற்று வலி வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் உறவினர்கள் டாக்டர் அறைக்குள் போகக்கூடாது. உறவுக்காரர் மொழிபெயர்த்தால் நோயில் பாசம் கலந்துவிடும் என்று ஆலோசனை சொன்னது நம் வாரியம்தான். நோயாளி வாசல் திரையில் தன் மொழியைத் தொட்டால், அந்த மொழிக்கான மொழிபெயர்ப்பாளர் வந்து அழைத்துப் போவார். டிக்கு அம்மாவை வாசலில் விட்டான். திரையில் கட்டமாகத் தெரிந்தது அவள் மொழி மட்டுமல்ல, இன்னும் பல; அவற்றிலும் நாலெழுத்துப் பெயர்கள் நிறைய. எந்த மொழிக்கும் முதலிடம் போய்விடக்கூடாது என்று வரிசையைத் தினமும் மாற்றுவது வாரியத்தின் இன்னொரு நடுநிலை. ஆகவே எந்தக் கட்டத்தைத் தொடவேண்டும் என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. அம்மா ஏதோ ஒன்றைத் தொட்டாள். வந்தவருக்கு அவள் பேச்சு ஒரு வார்த்தையும் புரியவில்லை. வந்ததற்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று, வயசானவர், முட்டி வலிக்கிறதாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா முட்டிக்குத் தைலத்தோடு வீடு திரும்பினாள். அடுத்த முறை வேறு கட்டத்தைத் தொட்டாள். அன்று கிடைத்தது காதுக்குச் சொட்டு மருந்து. வலி மட்டும் விலா எலும்புக்குக் கீழே அப்படியே இருந்தது.

"ஏண்டா, எத்தனையோ பேரு மொழி அதுல இருக்கு. நம்ம மொழி பேரை எழுத ஒருத்தருக்குமா தெரியல?" என்று கேட்டாள். டிக்கு ரேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் எழுத்துருக்காரர் வேலைக்கு வந்தார். எழுத்துருக்களை ஏற்றுவது அவர் வேலை. நடுத்தர வயது, விவரம் தெரிந்தவர், வாரியத்தின் விவரம் மட்டும் தெரியாதவர். யாரிடமும் கேட்காமல், விட்டுப்போன எழுத்துருக்களையெல்லாம் ஒருநாள் காலையில் எல்லாத் திரைகளிலும் ஏற்றிவிட்டார்.

டிக்கு வந்து உட்கார்ந்தான். இடது பக்கம் நாலு கட்டம். வலது பக்கம் அவன் மொழி. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்து எழுதவைத்த அதே எழுத்துகள், வெளிச்சமாக, தலை நிமிர்ந்து நின்றன. அவன் வாய்க்குள்ளேயே எழுத்துக்கூட்டிப் படித்தான். கண் கலங்கிவிட்டது. தூசி என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னான்.

அதற்குள் பிரிவு மேடம் பின்னால் வந்து நின்றார். ரெண்டும் ஒண்ணா இருக்கா என்று கேட்டார். இல்லை மேடம் என்றான் டிக்கு. அப்போ என்ன போடணும் என்றார். அவன் கை தானாகப் போய்க் குறுக்கே கோடு போட்டது. கீழே காரணம் எழுதும் இடத்தில், 'கட்டங்களைக் காணவில்லை' என்றும் எழுதினான்.

வாரியமே அல்லோலகல்லோலப்பட்டது. கட்டத்துக்குள் யாரோ கிறுக்கிவிட்டார்கள் என்று தலைவர் தனி லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி ஓடி வந்தார். எழுத்துருக்காரர் அது கிறுக்கல் இல்லை, அதுதான் அந்த மொழி என்று சொல்லிப் பார்த்தார். உங்களுக்கு அந்த மொழி தெரியுமா என்று தலைவர் கேட்டார். தெரியாது, ஆனால் விசாரித்தேன் என்றார் அவர். "விசாரிச்சீங்களா? அப்ப உங்களுக்குப் பாசம் வந்தாச்சு" என்று சொல்லி, அவரை அப்போதே கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றினார்கள். மத்தியானத்துக்குள் கட்டங்கள் பழையபடி வந்துவிட்டன. தவறைக் கண்டுபிடித்த டிக்குவுக்கு எல்லோர் முன்னாலும் பாராட்டு கிடைத்தது. எழுத்துருக்காரர் தன் டீ குவளையையும் ஒரு சின்னச் செடியையும் எடுத்துக்கொண்டு போகும்போது அவனைப் பார்த்து, பரவாயில்ல தம்பி, உங்க வேலையை நீங்க செஞ்சீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். ரேடியோவைப் போடும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"இன்னிக்கு நம்ம பேரு இருந்துச்சுடா. காலைல போனேன்ல, திரையில அப்படியே நம்ம எழுத்து. தொட்டேன். நம்ம மொழி பேசுற பொண்ணு ஒண்ணு ஓடி வந்துச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். வலி எங்க ஆரம்பிக்குது, எப்படி முதுகுக்குப் போகுது, எல்லாம். டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்தாரு. அடுத்த வாரம் வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காரு." பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஆபீஸ்லதானே இதெல்லாம் பண்றாங்க? யாரோ புண்ணியவான். அவரைப் பார்த்தா நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்னு சொல்லுடா."

சொல்கிறேன் என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. அம்மா இரண்டு வேளைக்குச் சேர்த்துப் பேசினாள். அவள் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் அவள் கிளம்பியபோது, இன்னொரு நாள் போகலாமே என்று இழுத்துப் பார்த்தான். வலி தாங்கலடா என்றாள். அவன் அலுவலகத்துக்குப் போனால் அங்கே தலைவர் காரோடு தயாராக நின்றார். கட்டங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பெரிய ஆஸ்பத்திரித் திரையை நேரில் பார்வையிடப் போகிறாராம். தவறைக் கண்டுபிடித்த வீரன் கூட வராமல் எப்படி?

ஆஸ்பத்திரி வாசலில் திரைக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை நின்றது. முன்னால் நின்ற அம்மா விரலைத் தூக்கியபடி மேலிருந்து கீழாகத் தேடிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தலைவருக்கு உண்மையான பயனாளி ஒருவரைக் கண்ட பூரிப்பு. அம்மா திரும்பினாள். டிக்குவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. வந்து சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடா போச்சு? அன்னிக்கு இருந்துச்சே."

தலைவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "என்ன சொல்றாங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாது சார்" என்றான் டிக்கு.

அலுவல் மொழியில் அம்மாவுக்குத் தெரிந்த சில வார்த்தைகளில் 'தெரியாது' என்பதும் ஒன்று. கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் அவளுக்குக் கிடைத்த பதில் அதுதான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை விட்டுவிட்டு, தான் கசக்கிய இடத்தை விரலால் நீவிவிட்டாள். டிக்குவுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

இதற்குள் டாக்டர் அறைக்கு வெளியே வந்து, வெறும் வயிற்றோடு வரச்சொன்ன அம்மா எங்கே என்று கேட்டார். நோயாளி இருக்கிறார், திரையில் மொழியைத் தொடாததால் மொழிபெயர்ப்பாளர்தான் வரவில்லை. தலைவருக்கு ஓர் அபாரமான யோசனை உதித்தது. "நடுநிலையான மொழிபெயர்ப்பாளர்னா யாரு? ரெண்டு பக்கமும் சாயாதவன். இவரைப் பாருங்க, இந்தம்மா மொழியில ஒரு எழுத்து தெரியாது. இவரைவிடச் சுத்தமான ஆள் கிடைப்பானா? போங்க தம்பி, உள்ள போய் மொழிபெயருங்க. நானும் வந்து பார்க்கிறேன்."

உள்ளே அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். டாக்டர் தூக்கமில்லாத ஆள். அவருக்கு இந்தக் கூத்தில் எந்த ரசனையும் இல்லை. டிக்குவைப் பார்த்து நேராகச் சொன்னார்: "வலி இப்ப எந்தப் பக்கம், காய்ச்சல் வந்துச்சா, வாந்தி இருந்துச்சா, கேளுங்க. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணுமா மாத்திரை போதுமான்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். தப்பாச் சொல்லிடாதீங்க."

டிக்கு கட்டிலருகே போய் நின்றான். தலைவர் சுவரில் சாய்ந்துகொண்டு புன்னகையோடு காத்திருந்தார். அம்மாதான் முதலில் பேசினாள். அவனைப் பார்க்காமல், எதிரே இருந்த கைகழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பேசினாள். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"என்ன சொல்றாங்க?"

டிக்கு தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"நீ ஒண்ணும் சொல்லாதேன்னு சொல்றாங்க டாக்டர். உனக்கு வேலை போயிடும், நான் தெரியாத மாதிரியே இருந்துக்கிறேன்னு சொல்றாங்க. ராத்திரி வலி வந்தப்ப உன்னை எழுப்பலை, இனிமேலும் எழுப்ப மாட்டேன்னு சொல்றாங்க." அவன் டாக்டரை நிமிர்ந்து பார்த்தான். "இவங்க எங்கம்மா."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கேட்டான். சத்தமாக, கதவு திறந்திருக்க, வீட்டு மொழியில் கேட்டான். வலப்பக்கம். நேற்று முதல் காய்ச்சல். இரண்டு முறை வாந்தி. டாக்டர் மளமளவென்று எழுதி, நர்ஸைக் கூப்பிட்டு, இன்றைக்கே ஆபரேஷன் என்றார். உறவினர் மொழிபெயர்க்கக்கூடாது என்று யாரோ கதவருகில் ஆரம்பித்தார்கள். டாக்டர் அவர்களை ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் போய்விட்டார்கள்.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகக் கிட்டே வந்தார்.

"அப்ப உங்களுக்கு அந்த மொழி தெரியும்."

"தெரியும் சார். அந்த நாலு கட்டத்து மொழிதான்."

"அன்னிக்கு வந்த கிறுக்கல்?"

"கிறுக்கல் இல்ல சார். எழுத்து. சரியாத்தான் இருந்துச்சு."

"சரியா இருக்குன்னு தெரிஞ்சே தப்புன்னு போட்டீங்களா?"

டிக்கு தலையாட்டினான். வேலை போயிற்று என்றுதான் நினைத்தான். உண்மையைச் சொன்னதில் மனசுக்கு ஒரு நிம்மதிகூட வந்திருந்தது. ஆனால் தலைவரின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தெரியாதவன் நடுநிலையா இருக்கிறதுல என்ன பெருமை இருக்கு? எல்லாம் தெரிஞ்சு, படிச்சுப் பார்த்து, அதுவும் சொந்தத் தாய்மொழியை, தப்புன்னு கோடு போட ஒரு மனசு வேணும். எனக்கே அது வந்திருக்காது. உங்களை வேலையை விட்டு அனுப்புறதா? நாளையிலேர்ந்து நீங்கதான் பிரிவு அதிகாரி. புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதான் பயிற்சி கொடுக்கணும்."

அம்மா கட்டிலில் சாய்ந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகிற பெரிய மனிதர், பிடித்த கைகள். அவள் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது.

"உன்னைத் திட்டலையாடா? பாராட்டுறாரா?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்தான். ஆனால் அன்று மொழிபெயர்க்க ஆரம்பித்த வாய்க்கு நிறுத்தத் தெரியவில்லை. அன்னிக்கு நம்ம எழுத்து வந்துச்சுல்லம்மா, அதைத் தப்புன்னு எழுதி எடுக்க வச்சது நான்தான், அதுக்குத்தான் பாராட்டுறார் என்றான். நம்ம எழுத்தைப் போட்டவரைக் கிடங்குக்கு அனுப்பிட்டாங்க என்றும் சொன்னான். என்ன சரளமாகப் பேசுகிறார் பாருங்கள் என்று தலைவர் டாக்டரிடம் வியந்துகொண்டிருந்தார்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதை நீ படிச்சியாடா?"

"படிச்சேன்மா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் சக்கரக் கட்டிலின் பூட்டை விடுவித்தாள். டாக்டர் அம்மாவின் வயிற்றில் கை வைத்து அமுக்கினார். இங்க வலிக்குதான்னு கேளுங்க என்றார்.

டிக்கு கேட்டான். மறுபடியும் கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.